ஐந்து அங்குல இறகு

ரொறன்ரோ
ஒக்டோபர் 12

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ எப்படி?

நான் வில் வாங்கிவிட்டேன் என்றதற்கு நீங்கள் சிரித்தது இன்னும் காதில் நிற்கிறது. சிரியுங்கள். இங்கே மான் வேட்டைக்கு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி எடுக்க வேண்டும். வில்லின் இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலம், 18 கிலோவுக்குக் குறையக் கூடாது. அம்மாவிடம் வேட்டை என்று சொல்லிவிடாதீர்கள், விளையாட்டு என்றே இருக்கட்டும்.

என்னுடையது கப்பி பூட்டிய வில் இல்லை, வெறும் மர வில். அம்பு கைப்பிடிக்கு மேலுள்ள சின்னத் தட்டில் உரசிக்கொண்டுதான் போகும். அம்பின் பின்பக்கம் ஒட்டுவது பிளாஸ்டிக் இறகென்றால் அதில் இடித்து அம்பை உதைத்துவிடும். வான்கோழி இறகு மடங்கிக் கொடுத்து, தாண்டியதும் நிமிர்ந்துவிடும். சரி, அது எத்தனை அங்குலம்? இதிலேயே ஒரு மாதம் மினக்கெட்டேன்.

முதலில் 4 அங்குலத்தில் மூன்று ஒட்டினேன். பயிற்சி முனையோடு 20 யார் தூரத்தில் எல்லாம் ஒரே இடத்தில் குத்தின. வேட்டை முனையை மாட்டியதும் கதை மாறிவிட்டது. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று பற்றைக்குள். அந்த முனை 22 மில்லிமீற்றராவது அகலம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அகன்ற அலகு காற்றைப் பிடித்து அம்பைத் தன்பாட்டில் திருப்பப் பார்க்கும். பின்னாலுள்ள இறகு அதைவிடப் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். எட்டுமூலைப் பட்டத்துக்கு வால் நீளம் போதாமல் போய்க் குத்துக்கரணம் அடிக்குமே, அதே கூத்துத்தான்.

உடனே பெரிய இறகு வாங்கப் போனேன். பயிற்சித் திடலில் ஒரு கிழவர் மறித்து, முதலில் இறகே இல்லாமல் எய்யச் சொன்னார். அம்பு சரிந்து குத்தியது. தண்டு என் வில்லுக்கு அளவுக்கு மிஞ்சி விறைப்பு. பட்டத்தின் நெஞ்சில் கட்டும் முச்சைக் கயிறு பிழைத்தால் வாலை நீட்டிப் பிரயோசனம் இல்லை என்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நீங்கள் எத்தனை தரம் ஏசியிருப்பீர்கள்! பாரம் கூடிய முனை போட்டேன், நேரானது.

அதன்பிறகுதான் 5 அங்குலம். கொஞ்சம் முறுக்கி ஒட்டினால் அம்பு சுழன்று போகும். ஒரே அம்பில் இடச்செட்டை இறகையும் வலச்செட்டை இறகையும் கலக்கக் கூடாது. நான் கலந்து ஒட்டி ஆறு அம்பைச் சுரண்டி எடுத்தேன், அதை விடுங்கள். இன்னும் நீளமாக, உயரமாகவும் வைக்கலாம். ஆனால் பறக்கும்போது கூவும். பட்டத்துக்குக் கூவுகிற விண் வேண்டும், மானுக்கு முன்னால் வேண்டாம். அதனால் பின்நுனி வளைவாக வெட்டிய, உயரம் குறைந்த இறகாக எடுத்தேன். மழையில் நனைந்தால் படுத்துவிடும், அது ஒன்றுதான் குறை.

மான் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை குளிரில் இருந்து தடிமன்தான் பிடித்தது.

தைப்பொங்கலுக்கு என்ன பட்டம் கட்டுகிறீர்கள்? படம் அனுப்புங்கள். வாலின் நீளத்தையும் எழுதுங்கள்.

அன்புத் தம்பி