மேப்பிளுக்கு ஓக் வேஷம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்?

சமையலறையை வீடியோவில் காட்டு என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நானும் மூன்று தடவை நழுவிவிட்டேன். போன் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே திருத்திக்கொள்கிறது. ஆரஞ்சாகக் கிடக்கும் தரையைத் தேன் நிறமாகக் காட்டுகிறது. வாழ்நாள் முழுக்க மரம் பார்த்த கண்ணுக்கு அதைக் காட்டி என்ன பயன்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊரில் வீடே மரம்தான், அப்பா. சுவரைத் தட்டினால் பொள்ளென்று கேட்கும், உள்ளே மரச்சட்டம். வந்த புதிதில் ஏதோ பெரிய அலமாரிக்குள் குடியிருப்பதுபோல இருந்தது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடப்போம். அப்படிக் கிடந்தபோதுதான் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிடலாம் என்று உங்கள் மாப்பிள்ளைக்குத் தோன்றியது. பாரம் தாங்காத சுவர்தான், ஆள் வைத்துப் பார்த்த பிறகே எடுத்தோம். சுவர் போனதும்தான் தொல்லை தொடங்கியது. அதுவரை தனித்தனியாக இருந்த மரங்களெல்லாம் ஒரே பார்வையில் வந்து விழுந்தன.

தரை சிவப்பு ஓக். முன்பு இருந்தவர்கள் எண்ணெய் வார்னிஷ் அடித்து, அது மஞ்சளாகி, ஆரஞ்சாகி நின்றது. புதிதாக வாங்கிய அலமாரிக் கதவுகள் மேப்பிள், சாயமோ வார்னிஷோ இல்லாமல் வெறும் மரமாக வந்தவை. சாப்பாட்டு மேசை வால்நட், கறுத்த பழுப்பு. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் அழகாக இருக்கும் என்று நினைத்து, மேப்பிளுக்கு ஓக் நிறச் சாயம் பூசினேன். இங்கேதான் சிரிக்க ஆரம்பிப்பீர்கள்.

மேப்பிள் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது. திட்டுத்திட்டாக, தேமல் விழுந்த மாதிரி ஆனது. அது போதாதென்று கதவுகளை 220 நம்பர் நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்திருந்தேன். இழுப்பறை முகப்புகளைத் தேய்த்தவர் உங்கள் மாப்பிள்ளை, சொரசொரப்பான 120-லேயே நிறுத்திவிட்டார். ஒரே டப்பா, ஒரே துணி. கதவு வெளுத்தது, இழுப்பறை கருத்தது. நுண்ணியதாகத் தேய்த்த மரத்தில் சாயம் உட்கார இடம் குறைவு. பட்டறையில் தம்பிக்கு உளி கொடுத்தீர்கள், எனக்கு உப்புத்தாள் மட்டும் கொடுத்தீர்கள். அந்த ஒரு பாடத்தையாவது சரியாகக் கற்றிருக்க வேண்டாமா நான்!

மெழுகு நீக்கிய அரக்கைத் தண்ணியாகக் கரைத்து முதலில் ஒரு பூச்சு கொடுத்தால் திட்டு குறையும். அதையும் ஒரு கதவில் செய்தேன், சீராகத்தான் வந்தது. ஆனாலும் தரையோடு சேரவில்லை. ஏன் என்று ஒரு வாரம் குழம்பினேன். நிறம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஓக்கின் துளைகளில் சாயம் இறங்கிக் கோடு கோடாகத் தெரியும். மேப்பிளில் அந்தத் துளையே கண்ணுக்குத் தெரியாது, முகம் மழமழவென்று இருக்கும். சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறு முனையில் ஊதிப் பாருங்கள், குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கும், வராது. பீப்பாய் செய்ய அதை எடுப்பது அதனால்தான். இது தெரிந்த நாளில் வேலையை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் பலகை வாங்கும்போது ஈரக்கையால் தடவிப் பார்ப்பது ஞாபகம் வந்தது. தரையில் ஓர் ஓரத்தைச் சுரண்டி, பழைய வார்னிஷை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். ஆரஞ்சு வார்னிஷோடு போய்விட்டது, அடியில் இளஞ்சிவப்பு! பக்கத்தில் வைத்த மேப்பிள் ஈரத்தில் லேசான மஞ்சள். அடிநிறமே வேறாக இருக்கும்போது மேலே எதைப் பூசி ஒட்டவைப்பது? கொஞ்சம் மாறினால் பிழை மாதிரித் தெரிகிறது, நன்றாக மாறினால் வேண்டுமென்றே செய்தது மாதிரித் தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு கதவு வீணானது.

வேஷத்தைக் கலைத்தேன். மேப்பிளை மறுபடி தேய்த்து, சாயம் இல்லாமல் தண்ணீர் வகை வார்னிஷ் மட்டும். அது மஞ்சளாகாது. தரையை முழுக்கத் தேய்த்து, பச்சை சாயல் உள்ள பழுப்பைக் கொஞ்சம் கொடுத்தேன். சிவப்பைப் பச்சைதான் அடக்கும். வால்நட் மேசை தனியாக, அநாதையாக நின்றது. சமையலறையில் ஒரே ஒரு திறந்த தட்டு வால்நட்டில் போட்டேன், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. மேசைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கம்பளம். முடிவு செய்வதற்கு முன் மாதிரித் துண்டுகளைக் கடையில் பார்த்ததோடு விடவில்லை. தரைக்கானதைத் தரையில் கிடத்தினேன், கதவுக்கானதை நிமிர்த்தி வைத்தேன், பகலிலும் இரவில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கிலும் பார்த்தேன். பகலில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு துண்டு இரவில் சேறாகிவிட்டது.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. சாயம் போட்ட ஒரு கதவைப் பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே மாட்டியிருந்தேன். வெளியே பனி விழுந்து உள்ளே ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும், சட்டத்துக்குள் இருக்கும் நடுப்பலகை சுருங்கி, ஓரத்தில் சாயம் படாத வெள்ளைக் கோடு தெரிகிறது. சூடேற்றிய வீட்டில் மரத்தின் ஈரம் 6 முதல் 9 சதவீதம்தான் நிற்கும். சட்டத்தில் கோப்பதற்கு முன்பே பலகைக்குச் சாயம் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் எனக்குக் கதவு கோத்தே வந்தது. வெயில் காலத்தில் கோடு மறைந்துவிடும், அதுவரை நான் பார்க்காத மாதிரி நடமாடுகிறேன்.

மேசைக்கு எண்ணெய் பூசினோம். துடைத்த துணியை உங்கள் மாப்பிள்ளை சுருட்டி மூலையில் எறிந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று சொன்னபோது முதலில் மாப்பிள்ளை நம்பவில்லை. இப்போது ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயப்போடுகிறார்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தரை, கதவு, மேசை மூன்றுக்கும் ஒரே மங்கிய மினுக்கம். நிறங்கள் வேறாக இருந்தாலும் வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழுகிறது. பாலிஷில் முகம் தெரிய வேண்டும் என்பீர்கள். நேரில் வந்து திட்டுங்கள்.

தேக்கு வெயில் பட்டுப் பொன்னிறமாவதுபோல வால்நட் மெல்ல மெல்ல வெளுக்குமாம். மேசை செய்ததில் மிஞ்சிய ஒரு துண்டைப் பாதிக்கு நாடா ஒட்டி ஜன்னலில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்த பிறகு உரிக்கலாம், அதுவரை தொடமாட்டேன்.

அன்பு மகள்