தேனுவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தேனுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். கார்த்திக்கு இந்த வாரமும் நைட் ஷிஃப்ட். போன் போட்டால் நீ "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கார்த்தி படமெடுத்து அனுப்புவான்.

நீ லண்டன் போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். முதல் மூன்று வாரம் தினமும் படம் வந்தது. ஒன்பது நாளாகக் கட்டைவிரல் மட்டும்தான் வருகிறது. ஆபீஸில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாக அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு டாக்ஸியிலிருந்து நீ இறங்குகிறாய். புது மாடல் வண்டி, கரண்டில் ஓடுவது. 2018லிருந்து அங்கே புதிதாக லைசென்ஸ் வாங்கும் டாக்ஸி எதுவானாலும் புகையில்லாமல் ஓடக்கூடியதாக இருக்க வேண்டுமாம். நல்ல சட்டம். டிரைவர் தன் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது. அப்படியானால் உனக்காகக் கதவைப் பிடித்திருக்கும் அந்தக் கை யாருடையது என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் ஆளாக இருக்கும் என்றேன். முழுக்கைச் சட்டை, இடது கையில் வாட்ச். அதற்கு மேல் படத்தில் இல்லை.

அது இருக்கட்டும். டாக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். நீ ராத்திரி பத்து, பதினொன்று என்று திரும்புகிறாய் போலிருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

ரோட்டில் கை காட்டி நிறுத்துவதானால் அந்த லைசென்ஸ் டாக்ஸியை மட்டும் நிறுத்து. கூரையில் டாக்ஸி என்ற விளக்கு எரிந்தால் காலி வண்டி என்று அர்த்தம். பின்னால் வெள்ளைத் தகட்டில் லைசென்ஸ் நம்பர் இருக்கும். மற்ற வாடகைக் கார்கள் எல்லாம் முன்கூட்டியே புக் பண்ணியிருந்தால்தான் உன்னை ஏற்றலாம். ஆப்பில் புக் பண்ணினால் வண்டி நம்பர், டிரைவர் முகம் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஏறு. உன் பெயரை நீயாகச் சொல்லாதே, அவரைச் சொல்லச் சொல். ஸ்டேஷன் வாசலில் பக்கத்தில் வந்து மெதுவாக "டாக்ஸி வேணுமா" என்று கேட்பவனோடு மட்டும் போகவே கூடாது. எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் போகாதே. அது சட்டப்படி தப்பு, விபத்து என்றால் இன்சூரன்ஸும் நிற்காது. நல்ல டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்து ஆள் பிடிக்க மாட்டான். இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஏறும் முன் நம்பரை எனக்கு அனுப்பு.

கறுப்பு டாக்ஸியில் கார்டில் கொடுத்தாலும் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும், 2016லிருந்தே அப்படித்தான். விளக்கு எரியவிட்டு நிற்கும் வண்டி, நகர எல்லைக்குள் பன்னிரண்டு மைல் வரையுள்ள சவாரியைத் தக்க காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. "அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்பது அங்கே செல்லாது. மீட்டர் தூரத்துக்கும் ஓடும், நிற்கும் நேரத்துக்கும் ஓடும். ராத்திரிக்கு ரேட் கூடுதல், பயந்துவிடாதே. அரை பவுண்டு, ஒரு பவுண்டு சேர்த்து முழுத் தொகையாகக் கொடுப்பது வழக்கம், அதற்கு மேல் கட்டாயமில்லை. ரசீது கேட்டு வாங்கு. நீ குடையை விடுவாய், போனை விடுவாய், திருச்சி பஸ்ஸில் சர்டிஃபிகேட் ஃபைலையே விட்டவள். ரசீது இருந்தால் தேடலாம்.

இன்னொன்று. டிரைவருக்கும் உனக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறதல்லவா, பேசுவதற்கு மைக் வைத்திருப்பார்கள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் நீ பேசுவது அவருக்குக் கேட்கும். நீ போனில் பேசினாலும், பக்கத்தில் இருப்பவரோடு பேசினாலும், அந்த விளக்கைப் பார்த்துக்கொள். இருபத்தெட்டு வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லோர் வீட்டுக் கதையையும் கேட்டவன் சொல்கிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நீ போவது உறுதியானதிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் டிரைவர்கள் எழுதும் பரீட்சையைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலெட்ஜ் என்று பெயர். 1865லிருந்து நடக்கிறது. சேரிங் கிராஸிலிருந்து சுற்றிலும் ஆறு மைலுக்குள் ஏறக்குறைய 25,000 தெரு, அத்தனையும் மனப்பாடம். அதோடு வழியில் இருக்கும் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, தியேட்டர், ஹோட்டல் எல்லாம். புத்தகத்தில் 320 ரூட் இருக்கிறது, முதல் ரூட் மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் ஸ்கொயருக்கு. மொபெட்டில் ஹேண்டில்பார் மேல் அட்டையைக் கட்டிக்கொண்டு மழையில் குளிரில் சுற்றிச் சுற்றி மூன்று நாலு வருஷம் படிக்கிறார்கள். பிறகு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அதிகாரி எதிரில் உட்கார வேண்டும். இங்கிருந்து அங்கே போ என்பார் அவர். எந்தத் தெருவில் இடது, எந்தத் தெருவில் வலது என்று வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். 2000ஆம் வருஷம் அந்த டிரைவர்களின் தலையை ஸ்கேன் செய்து பார்த்தார்களாம். மூளையில் வழியை நினைவில் வைக்கும் இடத்தின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்ததாம். ஸ்டாண்டில் மணி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மளையும் யாராவது பாத்திருக்கலாம்" என்றார்.

படிக்கும்போது அவர்கள் செய்யும் ஒரு வேலைதான் என் மனசில் நின்றுவிட்டது. சுவரில் பெரிய மேப்பை மாட்டி, புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கிறார்கள். அந்த நூலை ஒட்டி எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அதுதான் சரியான வழி.

அன்றைக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "எங்கப்பாவும் டாக்ஸி டிரைவர்தான், ஒரு சவாரியிலகூட யாரையும் ஏமாத்தினதில்ல"ன்னு அந்த டிரைவர்கிட்ட சொன்னேன்ப்பா, அவரு திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு என்கிறாய். அம்மா அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். ஆபீஸ் வேலையாக லண்டன் போன பெண், டிரைவர் மகள் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்று எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் அம்மா அதைப் போடும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

நீ சொன்னது உண்மையில்லை, தேனு.

2004 ஜூன். நீ ஆறாவது சேரப்போகிறாய். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்த செலவில் கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. மீனம்பாக்கத்தில் ராத்திரி ஃபிளைட்டில் இறங்கிய ஒரு வெளிநாட்டம்மா என் வண்டியில் ஏறினார். கூட ஏழெட்டு வயசுப் பெண் குழந்தை. மயிலாப்பூர் அட்ரஸ் எழுதிய துண்டுச் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம் என்று நேராகப் போயிருக்க வேண்டும். நான் கத்திப்பாராவில் இடது பக்கம் திரும்பினேன். அசோக் நகர், வடபழனி, கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று ஊரையே சுற்றினேன். ஒரு இடத்தில் அவர் ஏதோ கேட்டார். "ரோடு குளோஸ்" என்றேன். தலையாட்டிவிட்டு, குழந்தையின் தலையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். 400 ரூபாய் சவாரிக்கு 1,200 வாங்கினேன். மேலே ஒரு நூறையும் அவராகவே கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். இறங்கும்போது என் வண்டி நம்பரை டைரியில் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு ஏர்போர்ட் போக வேண்டும், நீங்களே வாருங்கள் என்றார். வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கிளம்பவும் கிளம்பினேன். லஸ் கார்னர் வந்ததும் கை ஓடவில்லை. நேர் வழியில் போனால் அரை மணியில் ஏர்போர்ட் வந்துவிடும், அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். சுற்றிப் போனால் இரண்டாவது தடவை. வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தம்மா குழந்தையோடும் பெட்டியோடும் இருட்டில் வாசலில் நின்றிருப்பார், என் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு. முன்பின் தெரியாத ஊர். அந்த நேரத்தில் யார் வண்டியில் ஏறினார், போய்ச் சேர்ந்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பணம் வாங்கியதைவிட அதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக உறுத்திக்கொண்டிருக்கிறது. நம்பர் அனுப்பு, நம்பர் அனுப்பு என்று நான் உன்னை நச்சரிப்பது உனக்கு எரிச்சலாக இருக்கும். காலேஜில் படிக்கும்போதே சண்டை போட்டிருக்கிறாய், என்னை நம்பலையா என்று. உன்னை நம்பாமல் இல்லைம்மா. நம்பரை எழுதிக்கொள்கிறவர்களை நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பணத்தில் ஃபீஸ் கட்டி வாங்கிய ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

அம்மாவுக்கும் இது தெரியாது. இந்தப் பக்கங்களைக் கார்த்தியிடம் கொடுக்கப் போவதில்லை, நானே எப்படியாவது படமெடுத்து அனுப்புகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மதுரைக்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். நீ வந்த பிறகு பேசலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பதில் எதுவும் சொல்லவில்லை. அத்தை ஏதாவது சொன்னால் நம்பாதே. உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் உன் வசதிக்குச் சொல். நீ சுற்றி வளைத்துச் சொன்னாலும் நான் கேட்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். ராத்திரி ஏறும் முன் நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவுக்கு எதில் போகிறாய் என்று முன்பே முடிவு செய்துகொள். பெட்டி கனமாக இருந்தால் முதல் நாளே வண்டி புக் பண்ணிவிடு, கடைசி நேரத்தில் ஓடாதே. இங்கே நான்தான் வருவேன். மணி அண்ணன் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பேன். பெட்டி எத்தனை, ஆள் எத்தனை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. டிக்கியில் மணி அண்ணன் ஸ்டெப்னியும் கயிறும் போட்டு வைத்திருக்கிறார், எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
அப்பா