கொரங்காட்டு விவசாயி ஒருவரின் மறைவு

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் போன வாரம் என் பெரியப்பா காலமானார். இங்கே அல்சூரில் அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். அவர் கடைசிவரை காங்கேயம் மாடுதான் வைத்திருந்தார். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம் என்று இருக்கும் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மேய்க்க ஆள் இல்லாமலே மாடுகள் மேயும், மழை குறைந்த அந்த ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும், அதற்கு முன்பே அது எப்படி வளரும் என்று சொல்லிவிடுவார், கண்ணபுரம் சந்தையில் ஜோடி சேர்ப்பதற்கு அவரைத் தேடி வருவார்கள். டிராக்டர் வந்து எருதுகளுக்கு வேலை குறைந்ததும் பலர் பாலுக்காகக் கலப்பினப் பசுவுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிழைக்க வேண்டுமே. பெரியப்பா மாறவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது நாட்டு மாடு பற்றி அவ்வளவு பேசினோம், அப்புறம் வளர்ப்பவர்களை மறந்துவிட்டோம். அவரைப் போல இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு நிருபரை அனுப்பி, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு