செயலாளரின் ஆண்டறிக்கை: அக்டோபர் 17

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, புரவலர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டம், பள்ளிப் பேச்சுப் போட்டி, பழைய பாட்டுப்புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அந்த விவரம் கையில் கொடுத்த தாளிலேயே இருக்கிறது. நான் பேச வேண்டியது அக்டோபர் விழாவைப் பற்றித்தான்.

இதுவரை நம் மன்றத்தில் விழா என்றால் நடிகர் பிறந்தநாள்தான். ஒருவருக்கு எடுத்தால் இன்னொருவரின் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் இந்த ஆண்டு ஆளை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தோம். ஐப்பசி பிறக்கும் சமயம், மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் முழுக்குக்கு ஊரே கூடியிருக்கும் என்பதால் அக்டோபர் 17 என்று முடிவாயிற்று. அந்தத் தேதியில் கலையுலகில் நடந்ததை எல்லாரும் தேடிக்கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. தாளடி நடவு நேரமாதலால் கிராமத்து உறுப்பினர்கள் பலர் வரவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை.

முதலிடம் ‘பராசக்தி’க்குத்தான். 1952 தீபாவளி, வெள்ளிக்கிழமை வெளியான படம். வசனம் திருக்குவளை மு. கருணாநிதி, நாயகன் சூரக்கோட்டை கணேசன். இரண்டும் அன்றைய தஞ்சை ஜில்லா. விழுப்புரத்தில் பிறந்தவரை நீங்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று கேட்ட விருந்தினருக்கு நம் தலைவர் பூர்வீகம் சொல்லிப் புரியவைத்தார். படப்பிடிப்பின் நடுவே இந்தப் புதுமுகம் வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு வந்ததும், தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் அசையாமல் நின்றதும் அன்று நெடுநேரம் பேசப்பட்டன. கண்டுபிடித்தவரை மறக்காமல் பொங்கல்தோறும் வேலூருக்குப் போய் வந்தாரே சிவாஜி, அதைச் சொன்னபோதுதான் அரங்கில் கைதட்டல் அதிகம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தக் காலத்துக் கதைவசனப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். முதுகில் துணி ஒட்டியது, ஓரம் செல்லரித்தது. நீதிமன்றக் காட்சியை நம் கல்லூரி மாணவர் ஒருவர் வாசிக்க வந்தார். குரல் நல்ல குரல். ஆனால் மூன்றாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. பெரியவர் எழுந்துபோய்ப் பக்கத்தைக் காட்டினார்: வரிகளுக்கு நடுவே பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். பள்ளி நாடகத்தில் பேசுவதற்காக அவருடைய சிற்றப்பா மூச்சு விட வேண்டிய இடங்களைக் குறித்து வைத்தாராம். கோட்டைப் பார்த்து மறுபடி வாசித்ததும் வசனம் தானாக நிமிர்ந்து நின்றது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து நம் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

அதே படத்தில் சிறு வேடத்தில் வந்துபோகும் கண்ணதாசன், 1981இல் அதே அக்டோபர் 17இல் சிகாகோவில் காலமானார். இதைக் கேட்டதும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே இரண்டு பேர் பாடினார்கள். சுருதி சேரவில்லை. இருந்தும் யாரும் இடையில் எழுந்து போகவில்லை.

1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் இதே நாள். மன்ற விதி 4இன்படி கட்சி பேசக் கூடாது. ஆகவே அவர் படித்த கும்பகோணம் ஆனையடிப் பள்ளி, நாடகக் கம்பெனி நாட்கள் ஆகியவற்றோடு பேச்சை நிறுத்திக்கொள்ளச் சொன்னோம். நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு அதே நாளில்தான் அமெரிக்க ராப் பாடகர் எமினெம் பிறந்தார் என்று ஓர் இளைஞர் குறுக்கே புகுந்தது நல்லதாயிற்று, சண்டை சிரிப்பாகிவிட்டது. இசைமேதை ஷோபின் 1849இல் பாரிசில் மறைந்ததும் இந்தத் தேதியே என்பதையும் அவரே சொன்னார்.

இத்தனையும் ஒரே தேதியில் எப்படி வந்து விழுகின்றன என்று கேள்வி எழுந்தது. பிறப்பு, இறப்பு எல்லாம் தற்செயல். ஆனால் படங்கள் அப்படியல்ல என்று நம் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் கரும்பலகையை வரவழைத்தார். 19 சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் ஏறக்குறைய சமம். ஆகவே அமாவாசை 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிக்கு, ஒரு நாள் முன்பின்னாக, திரும்பி வருகிறது. அமாவாசையை ஒட்டித் தீபாவளி, தீபாவளியை ஒட்டிப் படம். 1952க்குப் பின் 1971இல் ஒரு நாள் நழுவி 18ஆம் தேதி ‘பாபு’வும் ‘நீரும் நெருப்பும்’ படமும் மோதின. 1990இல் மறுபடி 17, கமல்ஹாசன் நான்கு வேடம் கட்டிய ‘மைக்கேல் மதன காமராஜன்’. 2009இல் ‘ஆதவன்’. அடுத்த முறை 2028. விழாவிலேயே உருப்படியான பேச்சு இதுதான் என்பது என் கருத்து.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறேன். நம் மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னையில் மூன்று தீபாவளி கண்ட படம். அதன் தேதி அக்டோபர் 16. ஒரே நாளில் தப்பியது. உள்ளூர்க்காரர் என்பதால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் வாதாடினார்கள். தேதியைத் தளர்த்தினால் விழாவுக்கே அர்த்தமில்லை என்று செயற்குழு மறுத்துவிட்டது. மறுத்தது சரி. ஆனாலும் அன்று மண்டப வாசலில் வைத்திருந்த படம் பாகவதர் படம்தான். வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை ஏறிவிட்டதால் ஆண்டுச் சந்தாவை 200 ரூபாயிலிருந்து 300 ஆக்கும் தீர்மானம் உங்கள் முன் வருகிறது.

வரும் ஆண்டுக்கு அக்டோபர் 31 என்று முன்மொழிகிறோம். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இல் வெளியான நாள், நாயகி டி. பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். மாயாஜாலக்காரர் ஹௌடினி 1926இலும், இந்திப்பட இசையமைப்பாளர் எஸ். டி. பர்மன் 1975இலும், ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி 2020இலும் மறைந்ததும் அதே தேதி. ராஜலட்சுமி அம்மையாரின் பாட்டுப்புத்தகமோ இசைத்தட்டோ வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள் ஆவணிக்குள் இரவல் தந்து உதவ வேண்டும். பொருளாளர் ரசீது கொடுப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்