அண்டியாபீஸில் மெஷின் வந்த வருஷம்

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில் பேசி வைத்த பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நர்ஸ்மார் எல்லாம் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் எழுதுவதற்குக் கொடுத்த டேப்லெட் கம்ப்யூட்டரை டிராயருக்குள் போட்டுவிட்டுப் பழைய நோட்டிலேயே எழுதுகிறார்கள் என்றாய், மேலிடத்தில் உன்னைத்தான் கேள்வி கேட்கிறார்கள் என்றாய், கடைசியில் "இவங்க மாறவே மாட்டாங்கம்மா" என்றாய். அந்தக் கடைசிப் பேச்சுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உனக்கு வேறு கால் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மாற மாட்டேன் என்று நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ அப்போது நாலாம் வகுப்பு. அண்டியாபீஸில், அந்த முந்திரிக்கொட்டை ஃபாக்டரியில், நான் தல்லுகிற பிரிவில், அதாவது கொட்டையைத் தட்டி உடைக்கிற பிரிவில் இருந்தேன், நாற்பது பெண்கள் இருந்தோம். வறுத்த அண்டியைச் சாம்பலில் புரட்டி, கல்லில் நிறுத்தி வைத்து, கட்டையால் ஒரே தட்டு. அடி கூடினால் பருப்பு உடையும், குறைந்தால் ஓடு பிளக்காது. சாயங்காலம் தூக்கிப் பார்த்துத்தான் கூலி, முழுப்பருப்புக்கு ஒரு கணக்கு, உடைந்ததற்கு வேறு கணக்கு. ஓட்டுப் பால் பட்டு என் கை கறுத்துக் கிடந்ததைப் பார்த்து நீ பள்ளிக்கூட வாசலில் அந்தக் கையைப் பிடிக்க வெட்கப்பட்டாய், நினைவிருக்கிறதா? நான் அதைக் குறையாக நினைக்கவே இல்லை. அந்தக் கைதான் உனக்கு ஃபீஸ் கட்டியது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து திரும்பிப் போனால் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. ஷெட்டில் வரிசையாக மெஷின் நிற்கிறது. இனி வறுப்பு கிடையாது, அண்டியை ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு மெஷினில் வெட்ட வேண்டும், இரண்டு கத்திக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கையால் வைத்து, காலால் பெடலை மிதித்து, பிடியைத் திருப்ப வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெளியூரில் இருந்து வந்த ஒரு பையன் அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தான், அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் வரிசையில் ஒரு மூத்த அக்கா இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் தல்லினவர், தட்டுகிற சத்தத்தை வைத்தே அண்டி சரியாக வறுபட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் கட்டையின் பிடியில் பெருவிரல் அழுந்தி அழுந்தி ஒரு குழி விழுந்திருக்கும், அந்தக் குழியில் வேறு யார் விரலும் பொருந்தாது. அன்று சாயங்காலம் தூக்கிப் பார்த்தபோது நாற்பது பேரில் அவருக்குத்தான் எடை குறைவு. ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் பெடலைத் தொடவில்லை, அவரைப் பார்த்து நாங்கள் யாரும் தொடவில்லை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சாயாக்கடை வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. ஆபீசில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா, "இதுகளுக்குப் படிப்பு இல்ல, புதுசு ஒண்ணும் ஏறாது." நீ நேற்றுச் சொன்னதும் ஏறக்குறைய அதேதான் மக்களே. எனக்கு வலித்தது அதனால்தான்.

எங்களுக்கு மெஷின் மேல் என்ன பகை? ஓட்டுப் பாலும் புகையும் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். கை பழகும் வரைக்கும் குறைகிற கூலியை யார் தருவது, அதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. இன்னொன்றும் உண்டு, வெளியே சொல்லக் கூச்சம். நேற்று வரைக்கும் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினவள் இன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒன்றும் தெரியாதவளாக உட்கார வேண்டும்.

உன் எம்.பி.ஏ. நோட்டு பரணில்தான் இருக்கிறது, காலையில் எடுத்துப் பார்த்தேன். பரீட்சைக்கு நீ சத்தமாகப் படிக்க, நான் மரச்சீனி சீவிக்கொண்டே கேட்ட கதைதான் அது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஃபாக்டரி, கோச், ஃப்ரெஞ்ச் என்று இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 1948இல் எழுதின ஆய்வு. அங்கேயும் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள், எங்களைப் போலவே. வேலை முறையை மாற்றும்போது ஒரு கூட்டத்தாரிடம் மாற்றத்தைச் சும்மா அறிவித்தார்கள், இன்னொரு கூட்டத்தில் அவர்கள் சார்பாகச் சிலரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், மற்றக் கூட்டங்களில் எல்லாரையுமே உட்காரவைத்து வேலையை எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்டவர்களில் 17 சதவீதம் பேர் முதல் 40 நாளிலேயே வேலையை விட்டுப் போனார்கள், இருந்தவர்களும் பழைய உற்பத்தி அளவைத் தொடவில்லை. எல்லாரும் சேர்ந்து பேசின கூட்டங்களோ சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்து, அப்புறம் அதையும் தாண்டிப் போய்விட்டன. இதை எழுதி நீயே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறாய்.

எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான் வழி பிறந்தது. மூன்றாம் வாரம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்தவர் பேச்செல்லாம் வைத்துக்கொள்ளாமல் நேரே போய் ஒரு மெஷினில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவர் வெட்டினதில் பாதி உடைசல். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இதுல என்ன கஷ்டம் இருக்கு, நீங்க சொல்லுங்க" என்றார். மூத்த அக்காதான் முதலில் வாய் திறந்தார். உட்காருகிற பலகை உயரம், குட்டையான பெண்களுக்குக் கால் பெடலில் எட்டவில்லை, நுனிவிரலால் மிதிப்பதால் கத்தி ஒரே சீராக இறங்கவில்லை, பருப்பு உடைவது அதனால்தான். அன்றைக்கே ஆசாரியை வரவழைத்து எல்லாப் பலகையையும் இரண்டு இஞ்ச் குறைத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பழைய சராசரிக் கூலி உறுதி என்று எழுதி ஒட்டினார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். வேகவைத்த அண்டியில் பதம் பார்க்கிற பொறுப்பை அக்காவுக்கே கொடுத்தார்கள். அதற்குள் ஏழெட்டுப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், நல்ல கைகள், அவர்கள் திரும்பி வரவே இல்லை.

உன் ஆஸ்பத்திரியில் பலகை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு காரியம் தோன்றுகிறது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இப்போது நோட்டிலும் எழுத வேண்டும், டேப்லெட்டிலும் ஏற்ற வேண்டும். முப்பது நோயாளியை வைத்துக்கொண்டு ஒரே காரியத்தை இரண்டு தடவை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நோட்டு என்றைக்கு நிற்கும் என்று தேதி சொல்லு, அந்தத் தேதியில் நிறுத்து. இன்னொன்று, ஆள் குறைப்பு வருமா வராதா என்று மேலிடத்தில் கேட்டு உண்மையைச் சொல்லிவிடு. வராது என்று சொல்லிவிட்டுப் பிறகு வந்தால், நீ எந்த முகத்தோடு அந்த வார்டுக்குள் போவாய்?

அந்த மூத்த சிஸ்டரைப் பற்றி மூன்று தடவை போனில் சொல்லிவிட்டாய், அவர்தான் எல்லாரையும் கெடுக்கிறார் என்று. அவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரு நாள் அவரோடு ராத்திரி டூட்டியில் போய் இரு. ரவுண்ட்ஸுக்கு நடுவில் அந்த டேப்லெட்டை அவர் எங்கே வைப்பார், ஊசி போடும்போது கையில் எதைப் பிடிப்பார், எழுதுகிற நேரத்தில் நோயாளி கூப்பிட்டால் என்ன செய்வார், எல்லாம் பக்கத்தில் இருந்து பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் கேட்க வேண்டும் என்கிறார். முந்திரிக்கொத்து செய்து வைத்திருக்கிறேன், நாளைக்குப் பார்சல் போடுகிறேன், சிஸ்டர்மாருக்கும் சேர்த்துத்தான்.

அம்மா