மஞ்சளில் இருக்கிற பச்சை

ஈரோடு
ஆடி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. உங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் திரும்பவும் வர ஆரம்பித்திருக்கிறது என்று பெரியவர் சொன்னார். சந்தோஷம்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி சரி, புரிஞ்சுது" என்று மூடிவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

என் வீடியோ ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்டிருக்கிற அக்கா பையனை ஆவணியில் திருப்பூருக்குக் கூட்டிப்போய் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்க்கப் போவதாகச் சொல்கிறாய். கொஞ்சம் பொறு மாப்ள. போன வாரம் இங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

ஒரு மஞ்சள் தூள் வியாபாரி வந்தார். நம் மார்க்கெட்டில் வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறவர். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமையைச் சொல்லி ஒரு விளம்பரம் எடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். வேறோர் இடத்தில் எடுத்து முடித்தும் கொடுத்துவிட்டார்கள். பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு பெண், கையில் பித்தளைத் தாம்பாளம், அது நிறைய ஒடித்த விரலி மஞ்சள். துணியை கீ போட்டு, அதாவது அந்தப் பச்சை நிறத்தை மட்டும் கம்ப்யூட்டரில் மறைய வைத்து, எடுத்துவிட்டுப் பின்னால் மஞ்சள் காட்டை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் போட்டுக் காட்டிவிட்டு அவர் சொன்னது: "ஏனுங்க, இது என்ற மஞ்சளே இல்லீங்க. செங்கல் தூளாட்ட இருக்குதுங்க."

அவர் சொன்னது சரிதான். அந்தச் செங்கல் நிறத்தை மறைக்க மேலே ஒரு கலர் கரெக்‌ஷன், அதனால் மஞ்சளான முகத்தைச் சரிசெய்ய இன்னொன்று, அதற்கு மேல் ஒரு பளபளப்பு என்று லேயர் லேயராக ஏற்றியிருந்தார்கள். மூல கிளிப்பையும் கொண்டுவந்திருந்தார், நல்லவேளை. அதைத் திறந்தால் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கிறது. கேமராவில் குறையில்லை.

பையன் என்ன செய்தான் தெரியுமா? எல்லா லேயரையும் அணைத்தான். படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எங்கே எவ்வளவு என்று காட்டுகிற மூன்று சானலையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தான். பச்சை சானலில் தாம்பாளத்து மஞ்சள் வெளேரென்று தெரிந்தது. "மாமா, மஞ்சள்லயே பச்சை இருக்குதுங்களே. ஸ்பில் எடுக்கறப்ப அதையும் சேர்த்து எடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்றான். ஸ்பில் என்றால் துணியிலிருந்து ஆள் மேல் தெறிக்கிற பச்சை. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை மாப்ள.

அதுதான் விஷயம். திரையில் மஞ்சள் என்று தனியாக எதுவும் கிடையாது, சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்தான் மஞ்சள். அந்த விரலியில் ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்தோம். சிவப்பு 220, பச்சை 170, நீலம் 40. துணியிலிருந்து முகத்திலும் கையிலும் தெறித்த பச்சையை எடுக்கிற வழக்கமான கணக்கு, சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைப் பச்சை தாண்டக் கூடாது என்பது. 220-க்கும் 40-க்கும் சராசரி 130. அதனால் 170 இருந்த பச்சை 130-க்கு இறங்கிவிட்டது. அதுதான் செங்கல்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிவப்பு, நீலம் இரண்டில் எது பெரிதோ அதைத்தான் பச்சை தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் 170 என்பது 220-க்குக் கீழேதான், மஞ்சளை யாரும் தொடுவதில்லை. ஆனால் முகத்துக்கு இது உதவாது. முகத்தில் சிவப்பு 200, நீலம் 120, தெறித்த பச்சை சேர்ந்து 185 என்று வை. இந்தக் கணக்கு அதை அப்படியே விட்டுவிடும், கன்னத்தில் பாசி படிந்திருக்கும். சராசரிக் கணக்குதான் அதை 160-க்கு இறக்கும்.

ஆக, முகத்துக்கு ஒரு கணக்கு, மஞ்சளுக்கு ஒரு கணக்கு. ஒரே கிளிப்பை இரண்டு லேயராகப் போட்டு, எந்தக் கணக்கு எதுவரை என்று பிரிக்கத் தாம்பாளத்தைச் சுற்றி மாஸ்க் என்கிற எல்லைக்கோடு வரைந்தான். கை அசைகிறது, வளையல் குறுக்கே வருகிறது, நொடிக்கு 25 பிரேம். பொறுமையாக உட்கார்ந்து வரைந்தான். பித்தளை விளிம்பில் துணியின் பச்சை நேராகவே பிரதிபலித்திருந்தது. அங்கே பச்சை சிவப்பைவிட அதிகம் என்பதால் இரண்டாவது கணக்கே அதைப் பிடித்துவிட்டது. அதைப் பார்த்தபோது பையன் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

வியாபாரி திரும்ப வந்தார். பையிலிருந்து ஒரு விரலியை எடுத்து, ஒடித்து, ஒடித்த பக்கத்தை மானிட்டரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "இது என்றதுங்க" என்றார். அதோடு சரி, பணத்தை எண்ணி வைத்துவிட்டார்.

அதே விளம்பரத்தில் பாக்கெட்டைச் சுற்றி ஒரு மெல்லிய கருப்புக் கோடு. நமக்குப் பழக்கமான கோடுதான். கல்யாண டைட்டிலில் இதயத்துக்குள் மாப்பிள்ளை பெண் முகம் சுற்றிய காலத்திலேயே அதோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். சாதாரணமாக மேட் என்கிற வெட்டு எல்லையை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி அதை அறுத்துவிடுவார்கள், கூடவே பாக்கெட்டின் ஓரமும் போய்விடும். உண்மையில் அந்தப் படத்தைக் கருப்பின் மேல் வைத்து ரெண்டர் செய்திருக்கிறார்கள், விளிம்பில் கருப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அந்த ஃபைலின் ஆல்ஃபாவை, அதாவது எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்கிற பகுதியை, ஸ்ட்ரெய்ட்டிலிருந்து (பின்னணி நிறம் கலக்காதது) பிரீமல்ட்டிப்ளைடுக்கு (ஏற்கெனவே கலந்தது) மாற்றினால் கோடு போய்விடுகிறது. 1984-ல் லூகாஸ்பிலிமில் இருந்த போர்ட்டர், டஃப் என்ற இருவர் ஒரு கட்டுரையில் எழுதிவைத்த கணக்கு இது. பையனுக்குச் சொன்னேன். அன்று ராத்திரியே அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறான்.

கடைசியில் 'கொங்கு' என்று எழுத்து எழுத்தாக வர வேண்டும். ஒற்றைக் கொம்பு தனியாகப் பறந்து வந்தது, 'க' அப்புறம், கால் அதற்கும் அப்புறம். மென்பொருளில் எழுத்தைக் கோக்கிற டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றி, ஒவ்வொரு எழுத்தையும் தனி லேயராக வைத்து முடித்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வேலை கற்க வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் கோளாறைக் கண்டதும் மேலே என்ன போடலாம் என்றுதான் தேடுகிறார்கள். இவன் கோளாறு எங்கே பிறந்தது என்று பார்க்கிறான். இந்தப் புத்தி சொல்லி வருவதில்லை. திருப்பூரில் கிடைக்கிற சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது, முகூர்த்த மாதங்களில் ராத்திரி வேலையும் இருக்கும். அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தை வரைக்கும் என்னிடம் விடு. அதற்குப் பிறகும் உனக்குத் திருப்தி இல்லையென்றால் நானே திருப்பூர் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்கு வருவீர்கள்தானே? அக்காவைக் கூட்டிக்கொண்டு அப்படியே ஸ்டுடியோவுக்கு வா. முதலில் எடுத்ததையும் இப்போது உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டச் சொல்கிறேன். பையனே அம்மாவுக்கு விளக்கட்டும்.

அப்புறம் ஒரு வேலை. அந்த வியாபாரி தீபாவளிக்கு இன்னொரு படம் கேட்டிருக்கிறார், இந்தத் தடவை நாங்களே எடுக்கிறோம். மஞ்சளில் நீலம் அநேகமாக இல்லை என்பதால் நீலத் துணி போதும் என்கிறான் பையன். நீல சானலில் படத்தைக் கெடுக்கிற பொடிப் புள்ளி அதிகம் வரும், லைட்டைக் கூட்டிச் சமாளித்துக்கொள்வோம். உங்கள் சாயப் பட்டறையில் சொல்லி, பளபளப்பில்லாத பின்னல் துணியில் அடர் நீலம் போட்டுத் தர முடியுமா? இழுத்துக் கட்டினால் சுருக்கம் போகிற மாதிரி இருக்க வேண்டும். பத்தடி அகலம், பன்னிரண்டு அடி உயரம், தையல் எங்கேயாவது ஓரமாக வரட்டும். சும்மா தர வேண்டாம், பில் போட்டே அனுப்பு.

உன் மச்சான்