கூம்பு ஒலிபெருக்கியை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்கள் பகுதியில், கூம்பு ஒலிபெருக்கி (நாங்கள் குழாய் என்று சொல்வது) இரைச்சலைத் தவிர வேறெதையும் தராது, மிச்சமிருப்பவற்றையும் நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. குழாய் அலறும் தெருவில் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் நான். ஆனால் மறுபாதியை என்னால் ஏற்க முடியாது. அந்தக் குழாய்தான் இன்று என் வீட்டு முன்னறையில் பாடுகிறது. தாழ்ந்த ஒலியில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பாடுகிறது.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். என் அப்பா இங்கே மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கோவில் பொங்கல், மாதா கோவில் தேர், கல்யாணம், சடங்கு, தேர்தல் வந்தால் ஜீப்பில் கட்டி மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக் குழாய்கள்தாம் போகும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதே தனி வித்தை. காற்று போகும் திசையில் ஒலி தரையை ஒட்டி வளைந்து அடுத்த ஊர் வரை கேட்கும். எதிர்த்திசையில் மேலே வளைந்து போய்விடும், பக்கத்துத் தோப்பில் நிற்பவருக்கே கேட்காது. அப்பா தென்னை மட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டி ஸ்பீக்கர்கள் வந்து தொழில் கைமாறியது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படித்தேன். இப்போது வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். பரணில் கிடந்த குழாய்களை இறக்கி வைத்து வேலை செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

முதலில் இரைச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூம்பு தானாகக் கத்துவதில்லை. சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மீறி முறுக்கும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அந்த வெட்டிலிருந்து மூல ஒலியில் இல்லாத கூர்மையான ஒலிகள் பிறக்கின்றன. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் கூம்பும் மிகத் திறமையாக வேலை செய்கிறது. இரண்டும் சேரும்போது காதில் ஊசி குத்துகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பும் வைத்திருக்கின்றன. அந்த விதிகளை மனமார ஆதரிக்கிறேன். மீறுகிறவர்களைத் தண்டியுங்கள். கருவியைக் கொல்ல வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் இது சாதாரணக் கருவி அல்ல. நாம் வீட்டில் வைத்திருக்கும் காகிதக் கோன் ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மீதி சூடாகப் போகிறது. நல்ல கூம்பு நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் ஒலியாக்கும். தூரத்து வரப்பில் நிற்பவரைக் கூப்பிட வாயருகே இரு கைகளையும் குவிக்கிறோமே, கூம்பு செய்வதும் அதே வேலைதான். சிறிய சவ்வு பெரிய வெளிக்காற்றைத் தள்ள முடியாமல் திணறுகிறது. படிப்படியாக விரியும் குழாய் இடையில் நின்று அந்தப் பாரத்தைச் சவ்வுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்ற பொறியாளர் 1946இல் தொடங்கிய நிறுவனம், அறையின் மூலையில் வைக்கும் கூம்புப் பெட்டியை இன்றும் செய்து விற்கிறது. 1945இல் திரையரங்குகளுக்காக ஆல்டெக் லான்சிங் நிறுவனம் கொண்டுவந்த கூம்புகளைப் பழுது பார்த்து, வீட்டு அறையில் வைத்துக் கேட்பவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உண்டு. நம் கோவில் பரணில் கிடக்கும் குழாய் அவற்றுக்கு நிகர் என்று சொல்லவில்லை. அது பேச்சுக்காகச் செய்தது. ஆனால் அடிப்படை விதி ஒன்றே. கொஞ்சம் உழைத்தால் அதிலிருந்தும் இசை வரும்.

எப்படி என்று பலர் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குழாயின் பின்னால் திருகி மாட்டியிருக்கும், ஒலியை உண்டாக்கும் யூனிட்தான் உயிர். அதன் மின்தடை 16 ஓம் என்று எழுதியிருந்தால் மல்டிமீட்டரில் 10க்கும் 14க்கும் இடையே காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது, அது ஒட்டியிருக்கும் சவ்வை (டயாபிராம்) மாற்ற வேண்டும். சில யூனிட்களோடு 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் சேர்ந்தே இருக்கும். நீண்ட தூரம் வயர் இழுக்க அது தேவை. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குத் தேவையில்லை, அதைத் தாண்டி நேராக இணைக்கலாம். யூனிட்டைத் திறந்தால் காந்த இடைவெளியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். மடித்த பசை நாடாவை அந்த இடைவெளியில் விட்டு விட்டு எடுத்தால் தூள் வந்துவிடும். மேசையில் அரம் போட்ட தூள் கிடக்கும் இடத்தில் யூனிட்டைத் திறந்து வைக்கவே கூடாது. டயாபிராமை மீண்டும் வைக்கும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் காயில் உரசும்.

அடுத்தது குழாயின் உடல். அலுமினியத் தகடு மணி போல் அதிரும். விரல் நுனியால் தட்டிப் பாருங்கள், அந்த ஓசை பாட்டோடு கலந்துதான் நமக்குக் கேட்கிறது. தரை அதிராமல் இருக்கக் கார்களில் ஒட்டும் தார் ஷீட்டைக் குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டினால் அதிர்வு அடங்கிவிடும். உட்புறத்தில் எதையும் ஒட்டாதீர்கள்; ஒலி போகும் பாதை அது. ஒலி உள்ளேயே மடங்கிச் சுற்றி வெளிவரும் மடிப்புக் குழாய்களில் நடுவில் இருக்கும் சிறிய கூம்பு தளர்ந்து கடகடக்கும். போல்ட்டை இறுக்கி ஒரு ரப்பர் வாஷர் போட்டால் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. வாயின் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அலைநீளம் வரைதான் அது சரியாக வேலை செய்யும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய்க்குச் சுற்றளவு ஏறக்குறைய 126 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 270 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. அதற்குக் கீழே உள்ள ஒலியைக் கொடுத்தால் கூம்பு பாரம் ஏற்காது, டயாபிராம் கட்டுப்பாடில்லாமல் துள்ளும், ஒருநாள் கிழியும். பாட்டுப் போட்ட குழாய்களில் யூனிட்கள் போனதற்கு இது பெரிய காரணம். எனவே யூனிட்டுக்கு முன் தொடரில், கீழ் ஒலியைத் தடுக்க ஒரு கபாசிட்டர் கட்டாயம். 16 ஓம் யூனிட்டுக்கு 20 மைக்ரோஃபாரட் வைத்தால் 500 ஹெர்ட்ஸிலிருந்து கீழே படிப்படியாகக் குறையும்.

அந்தக் கபாசிட்டருக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் தென்னந்தோப்பு இருக்கும் இடமெல்லாம் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் உண்டு, மோட்டார் இருக்கும் இடமெல்லாம் அதற்குக் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடை உண்டு. அங்கே கிடைக்கும் மோட்டார் ரன் கபாசிட்டர் பாலிப்ரொப்பிலீன் படலத்தால் ஆனது. ஒலிக்கு அருமையாகப் பொருந்தும், 440 வோல்ட் தாங்கும். ஸ்டார்ட் கபாசிட்டரை வாங்கிவிடாதீர்கள், அது வேறு வகை, இதற்கு ஆகாது. எங்கள் ஊர் வைண்டிங் கடை அண்ணன் நான் கேட்கும் அளவுகளை இப்போது தாமாகவே எடுத்து வைத்துவிடுகிறார்.

கீழ் ஒலிக்கு ஒரு கோன் ஸ்பீக்கர் வேண்டும். கூம்பில் மட்டும் கேட்டால் நாதஸ்வரம் கம்பீரமாக வரும், தவிலின் தொப்பி, அதாவது அடிநாதம் தரும் பக்கம், வராது. பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பலாப்பலகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பலா இங்கே எளிதாகக் கிடைக்கிறது, அதிர்வும் நன்றாக அடங்குகிறது. அந்த 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் மேல் ஒலியைத் தடுக்கும் 2.5 மில்லிஹென்றி கம்பிச்சுருள் (காயில்) ஒன்றைப் போட்டால் அதுவும் 500 ஹெர்ட்ஸில் விலகிக்கொள்ளும். காயிலையும் அதே வைண்டிங் கடையில் சுற்றி வாங்கினேன். பிறகு ஒரு சிக்கல் வரும்: கூம்பு கோனை அமுக்கிவிடும். ஒரே வாட்டில் கூம்பு அவ்வளவு உரக்கப் பேசும். 12 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரைத் தொடரிலும் 5.6 ஓம் ரெசிஸ்டரை யூனிட்டுக்குக் குறுக்கேயும் போட்டால் ஏறக்குறைய 12 டெசிபல் குறைகிறது. ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் தடையும் 16 ஓமாகவே இருப்பதால் கபாசிட்டர் கணக்கு கெடாது. கபாசிட்டர் முன்னால், ரெசிஸ்டர்கள் பின்னால். கூம்பு இன்னும் உரக்கக் கேட்டால் ரெசிஸ்டர் அளவை உங்கள் அறைக்கும் காதுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, கூம்பின் வயர் இரண்டையும் ஒருமுறை இடம் மாற்றிப் பாருங்கள். மடிப்புக் குழாய்க்குள் ஒலி நீண்ட தூரம் சுற்றி வருவதால் கோனைவிடச் சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். எந்த இணைப்பில் ஆண்குரல் நெஞ்சோடு ஒலிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நேராக நீண்ட, மடிப்பில்லாத பழைய குழாய் கிடைத்தால் அதை விடாதீர்கள். மேல் ஒலி அதில் இன்னும் சுத்தமாக வரும்.

இத்தனையும் செய்த பிறகு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவைப் போட்டுக் கேட்டேன். நாதஸ்வரமே ஒரு கூம்புதானே. அணசிலிருந்து (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) புறப்படும் அந்த வீச்சு, காகிதக் கோனில் எத்தனை வாட் கொடுத்தாலும் வராத வீச்சு, ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தியில் அறையில் வந்து நின்றது. அம்மாவுக்கு இப்போது காது சற்று மந்தம். டிவி செய்தி புரியாமல் சலித்துக்கொண்டிருந்தவர், இதில் ஒலியைக் கூட்டாமலே செய்தி கேட்கிறார். பேச்சைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்து ஒலிகள் பலவும் கூம்பு நன்றாகப் பேசும் பகுதியில் இருப்பதே அதற்குக் காரணம்.

வெட்டுவது, துளையிடுவது, வண்ணம் அடிப்பது எதையும் நான் செய்வதில்லை. தார் ஷீட் உட்பட எல்லாவற்றையும் கழற்றினால் பழைய குழாய் பழையபடியே கிடைக்க வேண்டும். பழைய கண்ணாடி வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் அதன் உள்ளே தாமாகக் கை வைக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் சில நூறு வோல்ட் தேங்கியிருக்கும். சோதிக்கும்போது யாரும் கூம்பின் வாய்க்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள்.

கோவில் கமிட்டிகள், மாதா கோவில் பொறுப்பாளர்கள், வாசகசாலைக்காரர்கள் ஆகியோரிடம் என் வேண்டுகோள் இது. அறையைக் காலி செய்யும்போது குழாய்களைக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு ஏற்றி அனுப்புவதற்கு முன், அருகிலுள்ள ஐ.டி.ஐ.க்கு ஒரு சொல் சொல்லுங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடையாது. எடைக்குத்தான் போட வேண்டும் என்றால் யூனிட்டையாவது திருகிக் கழற்றித் தனியே வையுங்கள். வயரை ஒட்ட நறுக்காமல் ஒரு சாண் விட்டு நறுக்குங்கள், திறந்த வாயைத் துணியால் கட்டுங்கள், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். காயில் அறுந்திருந்தாலும் காந்தம் நன்றாக இருக்கும், டயாபிராம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.